கூஜாவில் மருமகள் பெயர்

மருமகளோடு வந்த மாமியார், வெள்ளிக் கூஜாவைப் பத்தரின் மேஜையில் வைத்தாள். கொடி வேலைப்பாட்டுக்கு நடுவே இரண்டு பெயர்கள் இருந்தன.

"மேல என் மாமியார் பேரு, அடுத்து என் பேரு. கீழே இவ பேரை வெட்டுங்க. லேசா வெட்டினா போதும், பழைய பொருள்."

கைப்பேசி ஒலிக்க, வெளியே போனாள்.

பத்தர் பெயர்களுக்குக் கீழிருந்த வெற்றிடத்தைத் தடவிவிட்டுப் புது மருமகளைப் பார்த்தார்.

"வீட்டுக்காரருக்கு இது ரெண்டாங் கல்யாணமாம்மா?"

"ஆமா. மூத்த சம்சாரம் மாடியிலேருந்து விழுந்து செத்துட்டாங்களாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டின பேரைத் தேய்ச்சு அழிச்சா தகடு மெலிஞ்சிடும். அழுத்திப் பாரு."

அழுத்தினாள். வெள்ளி காகிதம்போல் உள்ளே அமுங்கியது.

"ஒரு பேரை அழிச்சா இவ்வளவு மெலியாது தாயி. குறைஞ்சது மூணு பேரு."

வாசலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"ஆழமா வெட்டிடாதீங்க பத்தரே!"