வாசிக்காமல் விட்ட தாள்

"மார்லா, அந்தப் பெரியவர் இன்னைக்கும் வந்துட்டாரா?"

துறைத் தலைவர் ஹென்லி, கருத்தரங்க அறையைக் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்.

"வந்தாச்சு. அதே கடைசி வரிசை" என்றேன்.

"குக்கீஸ்?"

"நீங்கதான் கூட்டம் முடிஞ்சப்புறம் வைக்கச் சொன்னீங்களே. உள்ளே வெச்சிருக்கேன். காலி மேஜையைப் பாத்தார், ஒண்ணும் சொல்லாம போய் உக்காந்துட்டார்."

"நல்லது. இன்னைக்கு எப்படி எழுந்து போறார்னு பாத்துடலாம்."

எங்கள் அமெரிக்கவியல் துறையில் வியாழன்தோறும் நாலு மணிக்கு ஒரு சொற்பொழிவு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், பேசுவார், நாங்கள் கை தட்டுவோம். மறுநாள் காலை, துறையின் செய்திப் பக்கத்தில் 'சிறப்பாக நடைபெற்றது' என்று நான் எழுதுவேன். பதினொரு வருடமாக எல்லாமே சிறப்பாகத்தான் நடைபெற்றிருக்கிறது.

ஆர்வில் லாரோக் மூன்று வருடமாக வருகிறார். பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வருவார். ஒரு காபி, இரண்டு குக்கீ. ஹென்லி மேடையேறி, வழக்கமான சடங்கையெல்லாம் முடித்து, விருந்தாளியை அறிமுகம் செய்வார். விருந்தாளி தொண்டையைச் செருமுவதற்குள் ஆர்வில் எழுந்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விடுவார். ஒரு சொற்பொழிவைக்கூட அவர் கேட்டதில்லை.

"போன வாரம் வந்த பேராசிரியை பேச வாயைத் திறக்குறாங்க, இவர் கிளம்புறார்" என்று ஹென்லி பொருமினார். "ரெண்டு குக்கீக்கு இவ்வளவு நாடகமா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று பேச வந்தவர் சிகாகோவிலிருந்து பேராசிரியை அட்லர். தலைப்பு, 'மறக்கப்பட்ட அமெரிக்கர்கள்'. வெளியே காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏழரைக்கு விமானத்தைப் பிடிக்க வேண்டுமே என்று வந்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹென்லி என் காதருகே வந்தார்.

"நேரமில்லை மார்லா. முதல்ல வாசிக்கிற தாளை இன்னைக்கு விட்டுடலாம்."

"விட்டுடலாமா?"

"அதான் நம்ம இணையதளத்துல இருக்கே. யார் கேக்கப் போறா?"

அந்தத் தாள் எங்கள் கூட்டங்களுக்குக் கடவுள் வாழ்த்து மாதிரி. இந்தப் பல்கலைக்கழகம் நிற்கிற மண் எந்தப் பூர்வகுடி மக்களிடமிருந்து பிடுங்கப்பட்டதோ, அவர்கள் பெயரைச் சொல்லி வணங்குகிற நாலு வரி. மூன்று வருடத்துக்கு முன்புதான் இந்த வழக்கம் வந்தது. ஹென்லி குரலைத் தாழ்த்தி உருக்கமாக வாசிப்பார். அந்த நேரத்தில் நான் மைக்கைச் சரிபார்ப்பேன்.

அட்லர் பேச ஆரம்பித்தார். ஆர்வில் எழுந்திருக்கவில்லை.

பத்து நிமிடம் போனது. அரை மணி போனது. மடியில் தொப்பி, அதன்மேல் இரண்டு கைகள். மனிதர் அசையவே இல்லை. ஹென்லி திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். 'பாத்தீங்களா, குக்கீயை ஒளிச்சு வெச்சதும் மனுஷன் உக்காந்துட்டார்!'

பேச்சு முடிந்தது. நாற்பது பேர் கை தட்டினோம். கேள்வி நேரத்தில் முதலில் உயர்ந்தது ஆர்வில் கை.

"அடடே, கேளுங்க கேளுங்க!" ஹென்லிக்கு வாயெல்லாம் பல்.

"கேள்வியெல்லாம் இல்லைங்க. அந்தத் தாளை இன்னும் வாசிக்கலையே. அதுக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

தொப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"அதுல வர்றது எங்கம்மாவோட ஜனம். இந்த ஊர்ல ஒரு தெருவுக்குக்கூட அந்தப் பேர் கிடையாது. வீட்டுல நானும் என் தங்கச்சியும் சொல்லிக்குவோம். திங்கக்கிழமை அவ தவறிப் போயிட்டா." தொப்பியை ஒரு சுற்றுத் திருப்பினார். "நானே சொல்லிக்கிட்டா அது என்னோட போச்சு. வேற ஒரு வாய் சொல்லிக் கேக்கணும். இன்னைக்குக் கண்டிப்பா கேக்கணும்னு இருந்துச்சு."

ஹென்லி முகம் வெளுத்தது.

"மன்னிச்சிடுங்க. இதோ, இப்பவே வாசிக்கிறேன்."

சட்டைப் பையைத் தடவினார். கோப்பைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். தாள் மூன்றாவது மாடியில், என் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

"தாள் வேணாங்க" என்றார் ஆர்வில். "பேரை மட்டும் சொல்லுங்க, போதும்."

ஹென்லி வாயைத் திறந்தார். மூடினார். அட்லர் தன் குறிப்புகளில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நடு வரிசையில் யாரோ அவசரமாகக் கைபேசியைத் தட்டினார்கள். நானும் முட்டி மோதிப் பார்த்தேன். மூன்று வருடம், வாரம் தவறாமல் என் காதில் விழுந்த பெயர். ஒரு எழுத்துகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆர்வில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்லைங்க. வெளியே பனி கொட்டுது. அந்தம்மாவுக்கு விமானம் தப்பிடப் போகுது."

என்றும் போலக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

மறுநாள் காலை செய்திப் பக்கத்தைத் திறந்தேன். ''மறக்கப்பட்ட அமெரிக்கர்கள்' சொற்பொழிவு' என்று தட்டியதும் கை நின்றுவிட்டது. நான் எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் அடியில், சின்ன எழுத்தில், தானாகவே அந்த நாலு வரி வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன்.