எலி தைத்த பாய்

ஏரி நடுவே இருக்கும் திட்டில் அக்காளுக்குக் குட்டிகள் பிறந்த சேதி கேட்டதும் எலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தென்னம்பாளைப் படகு இருந்தது; பாய்தான் இல்லை. பழைய தார்ப்பாயில் இரண்டு துண்டுகள் கிடைத்தன. பசை தடவி ஒட்டினால் வழுக்கிப் பிரிந்தது.

"அது ஒட்டவே ஒட்டாது," என்றது கரையில் இருந்த மீன்கொத்தி.

எலி ஒன்றின் ஓரத்தை மற்றதன்மேல் ஏற்றி, தூண்டில் நரம்பால் இரட்டைத் தையல் போட்டது.

"தையல் கோணல். காத்துக்கு நிக்காது."

எலி பாயை ஏற்றியது. காற்று புகுந்து பாய் பூரியாக உப்பியது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. படகு சீறிப் பாய, எலி கத்திக் குதித்தது. மீன்கொத்தியும் பறந்துவந்து முனையில் உட்கார்ந்துகொண்டது.

"யாரு தைச்ச பாய் இது?" என்று அசந்துபோய்க் கேட்டாள் அக்காள்.

"நாங்கதான்!" என்றது மீன்கொத்தி.

எலி காதில் அது விழவில்லை. அதற்குள் எட்டுக் குட்டிகளையும் மாறி மாறி முகர்ந்துகொண்டிருந்தது.