தாராபாய்க்கு நாற்காலி

"ஏங்க, கேட்டீங்களா? நம்ம சொசைட்டி பால்வாடிக்கு டீச்சர் போட்டாச்சாம். யாரு தெரியுமா? எதிர் ஃப்ளாட் ஸ்ரீவித்யா!"

சந்திரிகா தோசைக்கல்லை வைத்த வேகத்தில் ரவிச்சந்திரன் பேப்பரை மடித்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு கோயம்புத்தூர்லேர்ந்து வந்தே ஒரு வருஷம்தானே ஆச்சு?"

"அதைத்தான் சொல்றேன். நான் புனே வந்து பதினோரு வருஷம். டீச்சர் டிரெயினிங் முடிச்சவ. அவ வெறும் பி.காம். அந்த வேலை எப்ப காலியாகும்னு நான்தானே காத்துக்கிட்டிருந்தேன்?"

"சேர்மன் என்ன சொன்னார்?"

"குழந்தைங்களோட அம்மாக்கள்கிட்ட மராத்தியில பேசணுமாம். அவ பேசறாளாம்."

"நீயும் கத்துக்கிட்டிருக்கலாம். வந்த புதுசுல கேம்ப் பஜார்ல மராத்திப் புஸ்தகம்கூட வாங்கிக் குடுத்தேனே."

"எனக்கு எங்க நேரம்? வீட்டு வேலையே சரியா இருக்கு."

மத்தியானத் தூக்கத்தையும் மூன்று சீரியலையும் அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

காலிங் பெல் அடித்தது. இஸ்திரிக்காரன்.

"உத்யா, உத்யா," என்று கதவைத் திறக்காமலே விரட்டினாள். நாளைக்கு வா என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் சந்திரிகா கற்றுக்கொண்ட மராத்தி அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்ப்பது தாராபாய்தான். சந்திரிகா வீட்டில் பதினோரு வருஷமாக, தினம் அரை மணி நேரம். எதிர் வீட்டுக்குப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. புருஷன், பெண்டாட்டி ரெண்டே பேர். அத்தனை நேரம் அங்கே என்ன வேலை?

'உடம்பு வளையாத மகராசி. எல்லாத்தையும் தாராபாய் தலையில கட்டிட்டு உட்கார்ந்திருப்பா. அவளுக்குப் போய் டீச்சர் வேலை!'

பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போயிருப்பாள். ஆனால் அது அக்மார்க் பொறாமைதான். வாழ்த்துச் சொல்கிற சாக்கில் எதிர் வீட்டுக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே தாராபாய் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவித்யா முழங்கை வரை சோப்பு நுரையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது? வேலைக்காரி உட்கார்ந்திருக்கா, நீ தேய்க்கறே?"

"வாங்கக்கா. இது எங்களுக்குள்ள ஒப்பந்தம். அவங்க மராத்தியில பேசுவாங்க. நான் தேய்ச்சுக்கிட்டே திருப்பிச் சொல்லணும். தப்பாச் சொன்னா அன்னிக்குத் துணியும் நான்தான் துவைக்கணும்."

"ஒரு வருஷமாவா?"

"வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து. கத்துக்கிறியான்னு அவங்களாத்தான் கேட்டாங்க."

சந்திரிகா பெருமூச்சு விட்டாள். "குடுத்து வெச்சவ நீ. எனக்கெல்லாம் அப்படிக் கேட்க யாரு இருந்தா?"

என்ன சொல்கிறாள் என்று தாராபாய் கேட்க, ஸ்ரீவித்யா மராத்தியில் சொன்னாள். தாராபாய் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைச் சந்திரிகாவிடம் நீட்டினாள்.

'ர. சந்திரிகா, 1992.'

போன தீபாவளிக்குப் பழைய பேப்பரோடு அவள் தூக்கிப் போட்ட அதே மராத்திப் புத்தகம். தூக்கிப் போட்டபோது அதில் முதல் மூன்று பக்கம்தான் அழுக்காகியிருந்தது.

தாராபாய் புத்தகத்தைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். சந்திரிகாவைக் கைகாட்டி மளமளவென்று ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?"

ஸ்ரீவித்யா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணுமில்லக்கா. புஸ்தகம் உங்க வீட்லேர்ந்து கிடைச்சுதாம். தேங்க்ஸ் சொல்றாங்க."

தாராபாய் பேசியதில் சந்திரிகாவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது. அதை மட்டும் தாராபாய் நாலு தடவை, கையை ஆட்டி, அச்சு அசலாகச் சந்திரிகாவின் குரலிலேயே சொல்லியிருந்தாள்.

"உத்யா."