மாமா ஊற்றி வைத்த தண்ணீர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு கார் கல்யாணத்துக்குப் புறப்பட்ட கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான். கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

"அத்தை, அந்த மூடியில கை வெக்காதீங்க. இப்பத்தானே கடைக்குப் போய்ட்டு வந்தேன், கொதிக்குது. ஆறட்டும்."

செங்கமலம் கையை இழுத்துக்கொண்டாள். நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில், வேப்பமர நிழலில், காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள் மருமகள் அருள்மொழி. மந்தாரக்குப்பத்தில் அவள் அப்பா லாரி வைத்திருந்தவர். வண்டி வேலை அவளுக்கு விளையாட்டு மாதிரி.

"ஒர்க்‌ஷாப்புல விட்டா ஆகாதா?"

"விட்டா நாளான்னிக்குத்தான் தருவாங்க. கல்யாணம் நாளைக்குக் காலைல. வாடகை வண்டியும் வேணாம்னுட்டீங்க."

"அவரு வண்டிலதான் போவணும்." செத்துப்போன தன் வீட்டுக்காரர் துரைராஜைத்தான் சொன்னாள். "போற வழியில பொகைஞ்சிக்கினு நின்னுச்சின்னு வெச்சிக்கோ, அவருக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லைன்னு அர்த்தம். நான் அப்படியே வூட்டுக்குத் திரும்பிடுவேன். அப்புறம் யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

அருள்மொழி ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தாள். போன வாரம்தான் பண்ருட்டி தாண்டுவதற்குள் இந்த வண்டி கொதித்து நின்றது. அத்தை சொன்னால் செய்கிறவள். பேசி முடித்த கல்யாணம் ஒரு ரேடியேட்டரில் வந்து தொங்குகிறது.

எஞ்சின் ஆறியதும் அடியில் தட்டை வைத்து, ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்துவிட்டாள். செங்காவி நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

"இது என்னடி, காப்பித் தண்ணி மாதிரி?"

"துரு. சூட்டைத் தணிக்க ஊத்தற கூலன்ட்டே மாமா வாங்கல. வெறும் குழாய்த் தண்ணியா ஊத்தி வெச்சிருக்காரு."

"'இந்தத் தண்ணியக் குடிச்சித்தான் நாம நல்லா இருக்கோம், வண்டிக்கு மட்டும் என்ன கேடு'ன்னுவாரு. குவார்ட்டர்ஸ் தண்ணின்னா அவருக்கு அமிர்தம்."

"அதான் கொதிக்குது அத்தை. துருவுனால. அவரு கோவத்தால இல்ல."

"நீ சொல்ற. அவரு சொல்லலையே."

அருள்மொழி திருகை மூடி, சுத்தமான தண்ணீரை நிரப்பினாள். "உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. ஹீட்டரை ஃபுல்லா வெச்சிடுங்க. அப்பத்தான் மூலை முடுக்கெல்லாம் தண்ணி ஓடும்."

"இந்த வெயில்ல ஹீட்டரா? கல்யாணத்துக்குள்ள என்னை அவிச்சி எடுத்துடலாம்னு பாக்கறியா?"

"ஆவி புடிச்சா மொகம் பளபளன்னு இருக்கும். உக்காருங்க."

எஞ்சின் தாலாட்டுவது போல் முனகியது. வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட, செங்கமலத்துக்குக் கண் சொக்கியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது, வேப்பமரம்தான் நகர்ந்தது. குவார்ட்டர்ஸ் சுவர்கள் நகர்ந்தன. முந்திரித் தோப்புகள் தண்ணீருக்கு அடியில் அசைவதுபோல் அசைந்து அசைந்து பின்னால் போயின. பின் சீட்டில் துரைராஜ் உட்கார்ந்திருந்தார், ஷிஃப்ட் முடிந்த களைப்போடு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துச் சிரித்தார். எதைப் பார்க்கிறார் என்று அவள் திரும்புவதற்குள்,

"அத்தை, தூங்கிட்டீங்களா? ஆஃப் பண்ணுங்க."

ஆறவிட்டுத் திறந்தார்கள். தண்ணீர் கொஞ்சம் வெளுத்திருந்தது. மறுபடி நிரப்பி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி திறந்து, கடைசியில் தட்டின் அடிப்பக்கம் தெரிகிற அளவுக்குத் தெளிந்து வந்தது. அப்புறம்தான் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் கலந்த கூலன்ட்டை அருள்மொழி மெல்ல ஊற்றினாள். நாற்றங்கால் பச்சை. மூடியைப் போடாமலே வண்டியை ஓடவிட்டாள். குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன.

"உள்ள மாட்டிக்கினு இருந்த காத்து. அது வெளில வந்துடணும்."

எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த செங்கமலம் மெதுவாகக் கேட்டாள். "ஹரி மனசோட சம்மதிச்சானா, இல்ல நீ சொல்றியேன்னு தலையாட்டினானா?"

"உங்க புள்ளையப் பத்தி என்னைக் கேக்கறீங்க. மைன்ஸ்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா கோயிலுக்கு வந்துடறேன்னாரு. மாலைகூட அவரே வாங்கிக்கினு வராராம்."

"ஊரு என்ன பேசுமோ."

"பேசட்டும். மாப்பிள்ளை எப்படி, அதச் சொல்லுங்க."

"பொறுமைசாலி. ஒரு வார்த்தை பேசி முடிக்கறதுக்குள்ள காப்பி ஆறிடும்."

இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, எஞ்சினுக்கு முன்னால், சூட்டைத் தணிக்கிற ஃபேன் விர்ரென்று சுழன்று, கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்றது. அருள்மொழி கூலன்ட் குறைந்திருந்த அளவுக்கு மேலும் ஊற்றி, மூடியைத் திருகினாள். "இனி மாமாவே வந்து சொன்னாலும் கொதிக்காது."

மறுநாள் காலை அருள்மொழிதான் ஓட்டினாள். பண்ருட்டியில் பலாப்பழக் கடைகள் வந்தபோது செங்கமலம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கடைகள் பின்னால் போயின. சூட்டைக் காட்டுகிற முள் பாதியிலேயே இருந்தது. மேல்பட்டாம்பாக்கத்துக் கோயில் வாசலில் வண்டி நின்றபோது அவள் கண்ணெல்லாம் ஈரம்.

"நேரமாவுது, பொண்ண அழைச்சிக்கினு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஹரி ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தான். கையிலிருந்த மாலையைச் செங்கமலத்தின் கழுத்தில் போட்டான்.

"எறங்கும்மா. மாப்பிள்ளை ரொம்ப நேரமா காத்துக்கினு இருக்காரு."

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீட்டிலும், போக வேண்டிய நல்ல காரியத்துக்கு எந்த வண்டியும் வழியில் நிற்காமல் போகட்டும். வாசல் திறந்து வரவேற்க ஆள் இருக்கட்டும்.