தலை குனிந்த நடை

"தலையத் தூக்காம, அடி மேல அடி வச்சு வரணும். வெளங்குதா?" என்றாள் அம்மா சாராள்.

தெபோராள் தலையாட்டினாள். ரோலர் ஸ்கேட்டிங்கில் அவள் வாங்கிய தேசிய சாம்பியன் கோப்பை கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. குட்டைப் பாவாடையில் ஊர் பார்க்கச் சுற்றியவள் என்று தெரிந்தால், தரகர் கொண்டுவந்த மதுரைச் சம்பந்தம் தட்டிப்போகும்.

கார் சத்தம் கேட்டதும் அப்பா ஞானசிகாமணி வாசலுக்கு ஓடினார். "வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

வந்த தம்பதி உட்கார்ந்ததும் அந்த அம்மாள் கேட்டாள். "பொண்ணு ஸ்கேட்டிங்ல சாம்பியனாமே?"

ஞானசிகாமணி முந்திக்கொண்டார். "அதெல்லாம் விட்டாச்சுங்க. சக்கரத்தத் தொட்டே வருசமாச்சு."

அன்று காலையில்கூட அவருடைய ஏலக்காய் குடோனில் அவள் காலில் சக்கரம் கட்டிச் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

"விழுந்து கால்ல அடின்னும் சொன்னாங்க. கொஞ்சம் நடந்து காட்டும்மா."

பெண் பார்க்கிற எல்லா வீட்டிலும் கேட்பதுதான். தெபோராள் அம்மா சொல்லிக்கொடுத்தபடியே, குனிந்த தலையோடு மெல்ல மெல்ல நடந்தாள்.

தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். கணவர் எழுந்தார்.

"கால் இன்னும் தேறலை. பயிற்சியும் இல்லேங்கிறீங்க. வெளிநாட்டுப் போட்டிக்குப் போற இந்திய டீம்ல இவளைத்தான் முதல்ல சேர்க்கிறதா இருந்தோம். இனி வேற பொண்ணைப் பார்த்துக்கிறோம்."

தெபோராள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "சார்..."

சாராள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் இன்னொரு கார் வாசலில் வந்து நின்றது.

"தலையக் குனி ஆத்தா. மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்துட்டாக."