ஆற்றோரம் போன கோடு

"ஏன்னா, கீரைக்கார மயிலம்மா தெருவை மட்டும் ஏன் கொள்ளிடத்துக்கு அந்தண்டை தொகுதியில சேர்க்கறேள்?" என்று 1961-இல் வத்ஸலா கேட்டாள்.

"அந்த முந்நூறு ஓட்டு ஸ்ரீரங்கத்துல இருந்தா, வேண்டப்பட்ட ஒருத்தர் தோத்துடுவாராம். மேலதிகாரி உத்தரவு," என்றார் அவள் கணவர் சௌரிராஜன். ஆபீஸில் தொகுதி வரைபடம் போடுவது அவர்தான்.

தெருவை ஸ்ரீரங்கத்துக்கு வெளியே விட்டுச் சிவப்பு மையில் எல்லைக்கோடு போட்டார். மறுநாள் காலை, கோடு தெருவை உள்ளே வைத்துக்கொண்டு ஆற்றோரமாகப் போயிருந்தது. பிளேடால் சுரண்டி மறுபடி போட்டார். அடுத்த நாளும் அப்படியே. தாளில் சுரண்டிய தடமே இல்லை.

மறுபடி திருத்திப் போட்டு, அன்றிரவு அறையைப் பூட்டினார்கள். நான்காம் நாள் மேலதிகாரியே வந்து பூட்டைத் திறந்தார். கோடு ஆற்றோரமாகவே இருந்தது. மை இன்னும் காயவில்லை.

"சுரண்டுங்க," என்று பிளேடை நீட்டினார்.

சௌரிராஜன் வாங்கவில்லை. வத்ஸலா கேட்ட நாள் முதல் சொல்ல நினைத்ததைச் சொன்னார்.

"அந்தத் தெரு இங்கேயே இருக்கட்டும், சார்."