மோர்ச் சோறு

செபமாலை தட்டில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தாரே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

எதிரே நாற்காலி நுனியில் ஷர்லி உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன தம்பி ஆரோக்கியதாஸின் பேத்தி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன இடத்தில் மார்மன் சபையில் சேர்ந்துவிட்டாள்.

“நீயும் ரெண்டு வாய் தின்னேன் தாயி.”

“உபவாசம் தாத்தா. இந்தக் காரியம் நல்லபடியா முடியணும்னு இருக்கேன்.”

“ஒருசந்தியா? சரி, டீயாவது குடி.”

“எங்க சபையில டீ, காப்பி குடிக்க மாட்டோம்.”

“டீத்தண்ணிக்கும் வழியில்லாத வேதத்துல போயிச் சேந்திருக்க,” என்றபடி ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார். மென்றார். பல்லில்லாத வாய்க்கே அது ரொம்ப நேரம்.

ஒண்டி ஆள். மத்தியானம் பெரும்பாலும் கஞ்சியோடு சரி. இன்றைக்கு என்னவோ கருவாட்டுக் குழம்பு, ரசம், மோர் என்று வைத்து, சோறும் பானை நிறைய வடித்திருந்தார். நேற்று அவள் போனில் விஷயத்தைச் சொன்னபோது, இதெல்லாம் போனில் பேசுகிற பேச்சா, சாப்பாட்டு நேரத்துக்கு நேரில் வா என்று சொன்னதும் அவர்தான்.

அந்தச் சபையில் செத்தவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டு. உயிரோடிருக்கிற ஒருவர், செத்தவர் பேரைச் சொல்லி, அவருக்குப் பதிலாகத் தண்ணீரில் முங்கி எழவேண்டும். நூற்றிப்பத்து வருஷத்துக்குள் பிறந்தவர்கள் என்றால் புருஷன் பெண்டாட்டி, பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று நெருங்கின சொந்தம் சம்மதிக்கவேண்டும்; பேத்தி சம்மதம் போதாது. ஆரோக்கியதாஸின் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் சார்லஸும் போய்விட்டான். மிச்சம் கூடப்பிறந்த அண்ணன் செபமாலைதான்.

“அதுவரைக்கும் அவன் எங்கிட்டு இருப்பான்?”

“நரகம் இல்ல தாத்தா. ஆவிகளோட சிறைன்னு சொல்லுவோம். காத்திருக்கிற எடம்.”

“வெளிய வர முடியாது?”

“ஞானஸ்நானம் கெடச்சு, அவங்களும் மனசார ஏத்துக்கிட்டா வரலாம்.”

“நான் சரின்னு சொல்லாட்டி?”

“எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. காத்துக்கிட்டேதான் இருக்கணும்.”

செபமாலைக்குக் குழம்பு ருசித்தது.

அவர் லேசில் எவனையும் நம்புகிறவர் இல்லை. தம்பியை அடக்கம் பண்ணிய அன்று அவன் ஆத்மா இளைப்பாற சாமியார் மந்திரித்தபோது ஊரே ஆமென் என்றது. அவர் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கென்ன இளைப்பாற்றி? இந்தப் பிள்ளை சொல்வதும் பொய்யாக இருக்கலாம். ஆனால் காதில் விழுந்த வேதங்களிலேயே அவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிற வேதம் இது ஒன்றுதான்.

“குடும்பம் குடும்பமா என்னைக்கும் சேந்தே இருக்கலாம் தாத்தா. செத்த பிறகும்.”

“செத்த பொறவுமா அவன் மூஞ்சி?”

ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஷர்லி கைகளைக் கோத்துப் பிரித்தாள். “பெரிய அப்பத்தாவும் அங்கதான் இருப்பாங்க. அவங்களுக்கும் நீங்கதான் சம்மதம் சொல்லணும்.”

தட்டில் கை நின்றது.

மரியபுஷ்பம், அவர் பெண்டாட்டி. முந்திரிக்காட்டில் சருகு கூட்டுகையில் விரியன் கடித்து, தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே கண் மூடியவள். ஷர்லிக்கு அவ்வளவுதான் தெரியும். அவளைக் கொன்றது பாம்பு என்றுதான் ஊரும் சொல்லும். செபமாலை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

“அவ என்ன பாவம் பண்ணுனா, அவள உள்ள வைக்க? அவளுக்குச் சம்மதம். இப்பவே சொல்லிட்டேன். முங்குற பிள்ளைய நல்லா முங்கச் சொல்லு. அவ வெளிய வந்து நிக்கணும். அவன் உள்ள கெடக்குறத அவ பாக்கணும்.”

ஷர்லி மரியபுஷ்பத்தின் பேரைப் போனில் குறித்துக்கொண்டாள். பிறகு, “எங்க தாத்தாவுக்கு?” என்றாள்.

“கை சோத்துல இருக்கு. தின்னுட்டுச் சொல்றேன்.”

ரசத்துச் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். விரலை நக்கினார். கறிவேப்பிலையை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தார். மறுபடி அதை எடுத்துச் சப்பினார். தெருவில் கந்தர்வக்கோட்டை மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஷர்லி எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள்.

“அடுத்த பஸ்ஸயும் விட்டா எனக்கு ரயில் போயிரும் தாத்தா. ஒரே ஒரு வார்த்தை. அதச் சொல்லிட்டுச் சாப்பிடக் கூடாதா?”

செபமாலை நிமிர்ந்தார். அவள் வந்ததிலிருந்து இப்போதுதான் சிரித்தார்.

“நானும் இப்புடித்தான் கேட்டேன். ஒங்க தாத்தன் வீட்டு வாசல்ல நின்னு.”

ஊரில் அன்றைக்கு ஆரோக்கியதாஸிடம் மட்டும்தான் வேன் இருந்தது. வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்திருந்த சமயம். புஷ்பத்தை வேலியோரம் கிடத்திவிட்டு ஓடிப்போய் நின்றபோது அவன் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், தின்னுட்டு வாரேன் என்றான்.

அப்புறம் ரசம் கேட்டான். அப்புறம் மோர்.

செபமாலை மோர்ச் செம்பை ஷர்லி பக்கம் தள்ளிவிட்டுத் தட்டை நீட்டினார்.

“ஊத்து தாயி.”

பானையில் சோறு இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது.